ஸ்பானிய எம்.ஏ.யும் சேலத்துத் தமிழும்

ஸ்பானிய இலக்கியம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஸ்பானிய மொழிதான் புதிது. நெரூடாவையும் லோர்காவையும் நாம் பல ஆண்டுகளாக அறிவோம். 1967ல் ஸ்பானியத்தில் வெளிவந்த மார்க்வெஸின் நாவல், 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன் இருவர் உழைப்பால் 2013ல் தமிழுக்கு வந்தது. போர்ஹெஸின் கதைகளைத் தமிழில் தந்த பிரம்மராஜன், 1965 வரை சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த தர்மபுரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆக, இந்தச் சமவெளிப் பக்கத்துக்கும் ஸ்பானிய எழுத்துக்கும் உறவு ஏற்கெனவே உண்டு. ஆனால் அந்த உறவு ஆங்கிலம் என்ற தரகரை நடுவில் வைத்துக்கொண்ட உறவு.

தரகர் எதை எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பது விமரிசகனின் வேலை. ஹுவான் ருல்ஃபோ என்ற மெக்ஸிகோ எழுத்தாளர் 1953ல் ஒரு சிறுகதைத் தொகுதி வெளியிட்டார். எரிகிற சமவெளி என்று அதன் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். அதில் ஒரு கதையில், அரசாங்கம் உழவர்களுக்கு நிலம் கொடுக்கிறது. கொடுத்தது நீரில்லாத வெறும் பொட்டல். ஆயிரம் அடி துளை போட்டும் ஈரம் காணாத நாமக்கல் பக்கத்து விவசாயிக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அது எந்த வழியாக வந்தாலும் வந்து சேர்ந்துவிடும்.

அதே தொகுதியில் இன்னொரு கதை இருக்கிறது. காயம்பட்டுக் கிடக்கும் மகனைக் கிழத் தகப்பன் தோளில் சுமந்து, நிலா வெளிச்சத்தில் வைத்தியரைத் தேடி நடக்கிறான். மகன் வழிப்பறிக்காரன். முதலில் தகப்பன் அவனை 'நீ' என்கிறான். நடக்க நடக்கப் பழைய கோபம் ஏறுகிறது. இதெல்லாம் செத்துப்போன உன் தாய்க்காகத்தான் என்று சொல்ல வரும் இடத்தில், 'நீ' போய், அந்நியர்களிடம் பேசும் மரியாதைச் சொல் வந்துவிடுகிறது. உடம்பு தோள்மேல் இருக்கிறது. மனசு எட்டப் போய்விட்டது. ஊர் வந்து சேர்ந்து, மகனை இறக்கிய பிறகு, கடைசி வாக்கியங்களில் 'நீ' திரும்பி வருகிறது. அதைக் கேட்க மகனுக்கு உயிர் இருந்ததாகத் தெரியவில்லை. கதையின் துயரம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். ஆங்கிலத்தை நம்பித் தமிழாக்குகிறவர் பாவம், என்ன செய்வார்? தொடக்கம் முதல் முடிவு வரை 'நீ' என்றே போட்டுவிட்டுப் போவார்.

டான் குயிக்ஸாட் கதியும் இதுதான். அவர் பெயரே நம்மிடம் ஆங்கில உச்சரிப்போடுதான் வந்தது; ஸ்பானியர்களுக்கு அவர் கிஹோத்தே. செர்வாண்டிஸ் 1605லும் 1615லும் இரண்டு பாகங்களாக எழுதிய அந்த நாவலில், எஜமானர் சாஞ்சோவை 'நீ' என்கிறார். சாஞ்சோ அவரைத் 'தங்கள் சமூகம்' என்பது போன்ற சொல்லால் அழைக்கிறான். எஜமானருக்குக் கோபம் வந்தால் சில இடங்களில் அந்த 'நீ' மாறி, நம்முடைய 'நீர்' போன்ற ஒரு சொல் வந்து நிற்கும். பழமொழி பழமொழியாகக் கொட்டும் சாஞ்சோவுக்குத் தமிழில் குரல் கொடுக்க, 'ஏனுங்க', 'இல்லீங்க' என்று பேச்சுக்குப் பேச்சு மரியாதை ஒட்டிக்கொள்ளும் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேச்சைவிடப் பொருத்தமானது எது? கோபம் முற்றியதும் மகனைப் பார்த்து, 'நீங்க பெரிய மனுசருங்க, சொன்னாக் கேப்பீங்களா?' என்று சொல்லும் தகப்பனை அங்கே யாரும் பார்த்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இல்லாத செல்வம் நம் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. எடுத்துப் பயன்படுத்த ஸ்பானியம் படித்த ஆள்தான் வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தி கற்றுக் காண்டேகரை நேரே கொண்டுவந்தார். த.நா. குமாரஸ்வாமி வங்காளியிலிருந்து மொழிபெயர்த்தார். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சு மூலத்திலிருந்து காம்யுவின் 'அந்நியன்' நாவலைத் தந்தார். ஹிந்திக்காரர்களுக்கு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம் கற்பித்த விபா மௌர்யா கிஹோத்தேயை மூலத்திலிருந்தே ஆக்கிக் கொடுத்திருக்கிறார்.

ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இருக்கும் ஒரு பெண் ஸ்பானிய மொழி, இலக்கியம், பண்பாடு என்று எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு தில்லிக்குப் போகலாம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு உண்டு. எம்.ஏ.யில் சேருமுன்பே மொழி கைவசப்பட்டிருக்க வேண்டும், ஆகவே பி.ஏ.யிலிருந்தே தொடங்குவது நல்லது. ஐந்தாறு வருஷக் காரியம். மதிப்பெண்ணுக்கும் டாக்டர் படிப்புக்கும் பேர்போன பள்ளிகள் நிறைந்த ஜில்லாவில், 'படிச்சு என்ன வேலைக்குப் போவே?' என்ற கேள்வி வரத்தான் செய்யும். நியாயமான கேள்வி. ஏறக்குறைய 50 கோடிப் பேர் தாய்மொழியாகப் பேசும் பாஷை அது. கம்பெனிகளில் வேலை உண்டு என்று அவள் பதில் சொல்லலாம். அதுவும் உண்மை.

ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் தமிழுக்கு லாபம் ஒன்றும் இல்லை. மூலத்திலிருந்து செய்தது என்பதாலேயே ஒரு மொழிபெயர்ப்பு நன்றாகிவிடாது. தமிழ்க் காது இல்லாதவர் நேரே மொழிபெயர்த்த புத்தகத்தைவிட, ஆங்கிலம் வழியாக ஒரு நல்ல கவிஞர் தந்த புத்தகமே மேல். தில்லியில் ஸ்பானியம் ஏற ஏற, ஊர்த் தமிழ் நாணத்தோடு உள்ளே ஒளிந்துகொள்ளும் அபாயம் இருக்கிறது. அப்படி ஒளிந்துவிட்டால், பட்டதாரியிடம் மிஞ்சுவது உச்சரிப்பு மட்டும்தான்.

என்னைக் கேட்டால், ஸ்பானிய எம்.ஏ.க்கு ஒரே ஒரு பரீட்சை வைப்பேன். ருல்ஃபோவின் அந்தத் தகப்பன் கதையைத் தாய்மொழியில் எழுதிக் கொண்டு வா என்பேன். 'நீ' எங்கே 'நீங்க' ஆகிறது, எங்கே மறுபடியும் 'நீ' ஆகிறது என்று மட்டும் பார்ப்பேன். அது சரியாக வந்திருந்தால் அவளுக்கு இரண்டு பாஷையும் தெரியும்.