பதினொருவருள் ஒருவன்

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தைப் பற்றிச் சுங்கை சிப்புட்டில் பேச்செழும்போதெல்லாம், "முத்து நம்ம பையன்" என்ற பெருமிதமே மேலோங்குகிறது. இயக்குநர் சியூ கெங் குவான் படைத்த அக்கோல்காவலன், 'ஸ்பைடர்மேன்' எனப் புகழ்பெற்ற ஆர். ஆறுமுகத்தை நினைவூட்டுபவன். பெருமிதம் இயல்பே, ஆயினும் அதனோடு நின்றுவிடுவோர் படத்தின் உயிர்நாடியைக் காணத் தவறுகின்றனர்.

அணித்தலைவன் 'தவுக்கே'க்கும் அலிக்கும் இடையே எழும் பிணக்கே கதையின் கரு. திறமை மிக்க இருவர் விட்டுக்கொடுக்க மறுக்கையில் குழு தளர்கிறது. இங்கே பணிவென்பது தலைகுனிந்து நிற்பதன்று. பந்தை அடுத்தவன் காலுக்குத் தள்ளிவிடும் மனம். வரலாறும் அவ்வாறே நிகழ்ந்தது. 1980இல் கோலாலம்பூரில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது, ஹசான் சானி தந்த பந்தையே ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலாக்கினார். மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அவ்வணியினர் அங்கே செல்லவில்லை. பரிசு கைக்கு எட்டாத அவ்வெற்றியை இன்றும் எவரும் மறக்கவில்லை.

காட்சியால் உணர்த்திய ஒற்றுமையை உரையாடலால் மீண்டும் ஓதுவது படத்தின் குறை. (எங்கள் ஆசிரியர் இனத்துக்கே உரிய நோய் அது!)

ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர்கள், முத்து பந்தைப் பிடிப்பதை மட்டுமன்றி, பிடித்தபின் அதை யாரிடம் எறிகிறான் என்பதையும் பார்க்கச் சொல்லலாம்.