வின்செஸ்டர் 94: தொலைநோக்கியும் விசையும் - ஒரு மதிப்பீடு

வின்செஸ்டர் 94 என்பது ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1894-இல் வெளியிட்ட லீவர் வகை வேட்டைத் துப்பாக்கியாகும். விசையைச் சுற்றியுள்ள லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலிக் கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே ஏறும். சுத்தியலும் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். அடர்ந்த காட்டில் 100, 150 கஜத்துக்குள் நிற்கும் மானைச் சுடுவதற்கென்றே அமைந்தது போன்ற கருவி. இதன்மேல் தொலைநோக்கி பொருத்துவதும், விசையை மென்மையாக்குவதும் அந்நாட்டில் நெடுநாளாக நடந்துவரும் திருத்தங்கள். இவற்றை ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேலைகளாகவே பலரும் கருதுகின்றனர். என் கருத்தில் இரண்டும் ஒரே உறுப்பில், அதாவது சுத்தியலில், போய் முடிகின்றன.

தொலைநோக்கிக்கு முதல் தடையாக இருந்தது காலிக் கூடு. 94 அதை மேல்நோக்கி எறியும். மேலே தொலைநோக்கி இருந்தால் கூடு அதில் மோதும். ஆகவே அதை இடப்பக்கம் தள்ளியோ, குழலின்மேல் வெகுதூரம் முன்னே நகர்த்தியோ பொருத்தினார்கள். இடப்பக்கம் தள்ளினால் கண் தொலைநோக்கியைத் தேடிப் போகும். கன்னம் கட்டையில் பதியாது. கூட்டைச் சாய்வாக வலப்பக்கம் எறியும் 'ஆங்கிள் இஜெக்ட்' அமைப்பு 1982-இல்தான் வந்தது. போட்டியாளரான மார்லின் 1889-லேயே மேற்புறத்தை மூடிப் பக்கவாட்டில் கூட்டை வெளியேற்றியிருந்தது. கணக்குப் போட்டால் 93 ஆண்டு தாமதம்!

அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. பழைய 94-இல் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. சுடாதபோது சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை மெல்ல அழுத்தி, பாதித் தூரத்தில் உள்ள வெட்டில் அதை நிறுத்த வேண்டும். குளிரில் மரத்துப்போன விரலால், உள்ளே தோட்டா இருக்கும்போது செய்யும் வேலை இது. தாழ்வாகப் பொருத்திய தொலைநோக்கி அந்தக் கட்டைவிரலுக்கு இடம் விடுவதில்லை. சுத்தியலின் பக்கத்தில் திருகி வைக்கும் சிறு நீட்டிப்பு விற்கிறார்கள். பயனுள்ளதுதான், ஆனால் திருகு தளர்ந்தால் விரல் வழுக்கும்.

இனி விசை. சுத்தியலின் வெட்டில் ஒரு கொண்டியின் முனை மாட்டியிருக்கிறது. விசை அதை விடுவிக்கிறது. விசைக்கு வேண்டிய அழுத்தத்தைத் தீர்மானிப்பவை வில்லின் இழுப்பும், அந்த முனையில் உள்ள உராய்வும், மாட்டியிருக்கும் ஆழமும். எட்டாம் வகுப்பில் நாம் நடத்திய உராய்வுப் பாடம் இதற்குப் போதும். பரப்பை மெருகேற்றுவது ஒன்று, வெட்டின் ஆழத்தைக் குறைப்பது வேறொன்று. வீட்டு மேசையில் அரத்தை எடுப்பவர்களில் பலர் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக நினைக்கின்றனர். ஆழம் குறைந்தால் துப்பாக்கி கீழே விழும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் விடுபடலாம். மார்லின் 336-இல் விசையும் கொண்டியும் தனித்தனித் துண்டுகள்; அதனால் விசை தொளதொளவென்று ஆடும். அதற்கு ஒரே துண்டாக அமைந்த மாற்று உறுப்பு கிடைக்கிறது. அரத்தைவிட அதுவே மேல். அதையும் துப்பாக்கி மெக்கானிக் பொருத்துவதே சரி.

1992-இல் வின்செஸ்டர் குறுக்குப் பொத்தான் பாதுகாப்பைச் சேர்த்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தனர். அழகு கெட்டது உண்மை. ஆயினும் சுத்தியலைத் தொலைநோக்கியால் மறைத்து, விசையையும் இளக்கியவர் அந்தப் பொத்தானைப் பழிப்பது பொருத்தமாகத் தெரியவில்லை. 2003-இல் பொத்தான் கட்டையின் கழுத்துப் பகுதிக்கு மாறியது. இது மேலான தீர்வு.

வெறும் குறிமுள்ளோடு வைத்துக்கொள்பவருக்கு 94 இன்றும் குறைவற்றது. தொலைநோக்கிதான் வேண்டும் என்பவர் பழைய சாவேஜ் 99-ஐப் பார்க்கலாம். அதில் வெளியே தெரியும் சுத்தியலே இல்லை. கூடும் பக்கவாட்டில் போகிறது. அதன் தயாரிப்பு 1990-களின் இறுதியில் நின்றுவிட்டது. 94-ஓ இப்போது ஜப்பானில் மிரோக்கு ஆலையில் தயாராகிறது.