சச்சின் சதமடித்தால் தோல்வியா?

“சச்சின் நூறு அடிச்சா இந்தியா தோத்துடும்.” அவர் ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தப் பேச்சு ஓயவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. கணக்கையே எடுத்துப் பார்த்துவிடுவோம்.

ஒருநாள் போட்டிகளில் அவர் அடித்த சதங்கள் 49. அவற்றில் இந்தியா வென்றது 33, தோற்றது 14. ஒன்று டை, ஒன்றுக்கு முடிவில்லை. நூற்றுக்கு 67 வெற்றி. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. சதம் வராத நாள்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அவர் ஆடிய 463 ஆட்டங்களில் வெற்றி 234. சத ஆட்டங்களைக் கழித்தால் 414-ல் 201, அதாவது நூற்றுக்கு 49கூடத் தேறவில்லை.

ஒன்று மாறும்போது மற்றொன்றும் கூடவே மாறுகிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கமாக என்று பார்ப்பதுதான் புள்ளியியலில் ஒட்டுறவு. அதன் கெழு மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை இருக்கும். சதம் உண்டா, வெற்றி உண்டா என்று 463 ஆட்டங்களையும் பிரித்துக் கணக்கிட்டேன். ஏறத்தாழ பிளஸ் 0.12 வந்தது. ஊர்ப் பேச்சு உண்மையானால் மைனஸில் அல்லவா வந்திருக்க வேண்டும்!

0.12 சிறிய எண்தான். சதம் வந்ததே 49 நாள். மற்ற நாள்களிலும் கிட்டத்தட்ட பாதி ஆட்டங்களை வென்றிருக்கிறோம். சதத்தால்தான் வென்றோம் என்றும் இந்த எண் சொல்லாது. எதிரணியின் பந்துவீச்சு பலவீனமாக இருந்தால் சதமும் எளிது, வெற்றியும் எளிது.

பிறகு ஏன் தோல்விகள் மட்டும் நெஞ்சில் நிற்கின்றன? 2009, ஹைதராபாத். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 351. சச்சின் 175 அடித்து வெளியேறியபோது தேவை 19 ரன். 347-க்குச் சுருண்டு 3 ரன்னில் தோற்றோம். 2012-ல் மிர்பூரில் அவருடைய நூறாவது சர்வதேச சதம், வென்றது வங்கதேசம். சேப்பாக்கத்தில் 1999-ல் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் போனதே, அந்தப் புண் சென்னைக்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அது டெஸ்ட், இந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் பேச்சில் வந்து சேர்ந்துகொள்கிறது. நிம்மதியாக வென்ற நாளின் சதத்தை இப்படி யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அடுத்த முறை யாராவது அந்த 14 தோல்விகளை எடுத்தால், 33 வெற்றிகளையும் சொல்லச் சொல்லுங்கள்.