குடும்ப எழுத்தறிவும் வர்க்க நிலையும்: மெக்சிக்கக் குடியேறிகள் பற்றிய நூலொன்றை முன்னிறுத்தி

வறியவரின் பிள்ளை பள்ளியிற் பின்தங்குமிடத்து அதற்கான காரணத்தைப் பிள்ளையின் வீட்டிலே தேடுவது முதலாளித்துவக் கல்விச் சிந்தனையின் நெடுநாள் வழக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ்த் தோன்றிய 'ஈவன் ஸ்ராட்' திட்டம் இவ்வழக்கத்தின் அரச வடிவம் எனலாம். வளர்ந்தோர் கல்வி, பிள்ளைவளர்ப்புப் பயிற்சி, முன்பள்ளிக் கல்வி, பெற்றோரும் பிள்ளையும் கூடிப் பயிலல் ஆகிய நான்கையும் அது ஒருங்கிணைத்தது. அதிற் சேர்ந்தோருள் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் பெருந்தொகையினர். 2003இல் வெளிவந்த தேசிய மதிப்பீடு, திட்டத்திற் சேர்ந்த குடும்பங்கள் முன்னேறியபோதும், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படாதுவிட்ட குடும்பங்களும் ஏறத்தாழ அதேயளவு முன்னேறியிருந்தன எனக் கண்டது. 2011இல் நிதி நிறுத்தப்பட்டது. எனினும், இத்திட்டங்கள் பெற்றோரை எவ்வாறு கருதின என்ற வினா நிதியோடு மறைந்துவிடவில்லை.

இவ்வினாவை முன்னரே எழுப்பிய நூல் குவாதலூப்பே வல்டேஸ் 1996இல் வெளியிட்ட 'கொன் றெஸ்பெத்தோ' (மரியாதையுடன்) ஆகும். மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய பத்துக் குடும்பங்களை, சிறப்பாகத் தாய்மாரை, அவர் நெருங்கி நின்று அவதானித்தார். இத்தாய்மார் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையற்றோர் என்ற பள்ளியின் தீர்ப்பை நூல் தகர்த்துவிடுகின்றது. ஸ்பானிய மொழியில் 'எதுக்காசியோன்' என்னும் சொல் பள்ளிப்படிப்பை மாத்திரம் குறிப்பதன்று. ஒழுக்கம், பெரியோரை மதித்தல், குடும்பக் கடப்பாடு யாவும் அதனுள் அடங்கும். நன்கு வளர்க்கப்பட்ட பிள்ளை என்று நாம் கூறும்போது கொள்ளும் பொருளுக்கு அஃது அண்மையது. எழுத்துக் கற்பித்தல் ஆசிரியரின் வேலை, மனிதராக்குதல் தமது வேலை என்றே அத்தாய்மார் கருதினர். வேலையைப் பங்கிட்டுக்கொண்ட இந்நிலையைப் பள்ளி அசட்டை என வாசித்தது. நடுத்தர வர்க்கத் தாயைப் போல ஒவ்வொரு தாயையும் வீட்டு ஆசிரியையாக்க முனையும் பயிற்சிகள், குடியேற்றத்தின் இடர்களிடையே குடும்பத்தைத் தாங்கிநிற்கும் விழுமியங்களையே அரித்துவிடலாம் என்பது வல்டேஸின் அச்சம். அவ்வச்சம் நியாயமானதே.

ஆயினும் நூலின் முடிவோடு நாம் முற்றாக உடன்படுதல் இயலாது. வர்க்கத்தை வல்டேஸ் மறந்தவரல்லர். கல்வி சமூக ஏற்றத்தாழ்வை மீளுற்பத்தி செய்வதை அவர் நன்கறிவார். அவ்வாறிருந்தும் அவர் இறுதியில் வேண்டுவது மரியாதையையே. மரியாதை, கூலியையோ ஓய்வுநேரத்தையோ தருவதன்று. மேலும், அவர் போற்றும் குடும்ப விழுமியங்களின் சுமை பெரும்பாலும் பெண்ணின் தோளிலேயே இறங்குகின்றது. 'பெற்றோர்' என்ற பெயரில் நடைபெறும் வகுப்புகளுக்கு வருவோரும் பெரும்பாலும் தாய்மாரே. நூல் இதனை விவரிக்கின்றது, விமர்சிக்கத் தயங்குகின்றது.

எல்சா ஆவர்பாக் 1989இல் எழுதிய கட்டுரை இன்னொரு திசையைச் சுட்டியது. குடியேறிய குடும்பங்களில் எழுத்தறிவு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாத்திரம் இறங்குவதில்லை என்றும், ஆங்கிலக் கடிதங்களைப் பெற்றோருக்காக வாசிப்பவர்கள் பல வேளைகளிற் பிள்ளைகளே என்றும் அவர் காட்டினார். அங்ஙனமாயின், ஒருவழிக் கடத்தலை எடுகோளாகக் கொண்ட திட்டங்களின் அடிப்படையே ஐயத்துக்குரியதாகின்றது.

இவ்விடத்திற் கலிபோர்ணியாவின் பாஹரோ பள்ளத்தாக்கு நமது கவனத்துக்குரியது. அங்கு 1986இல் அல்மா புளோர் அடா, பாவுலோ பிரெயிரேயின் சிந்தனைவழி நின்று, ஸ்பானிய மொழி பேசும் பெற்றோரை ஓரிடத்திற் கூட்டிச் சிறுவர் இலக்கியம் பற்றி அவர்களது மொழியிலேயே உரையாடச் செய்தார். கதையில் நிகழ்ந்தது யாது என்பதோடு நில்லாது, அது நியாயமா, வேறுவிதமாக நிகழ்ந்திருக்க முடியாதா என்றும் வினாக்கள் சென்றன. பிள்ளைகள் ஆக்கிய கதைகளைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தனர். இலக்கிய விமர்சனத்தின் பணியைப் பண்ணைத் தொழிலாளர் தாமே செய்தனர் என்பது மிகையன்று. அதே பள்ளத்தாக்கின் வாற்சன்வில் நகரில், 1985 செப்டெம்பரிலிருந்து 1987 மார்ச் வரை, உறைநிலைக் காய்கறித் தொழிற்சாலைத் தொழிலாளர், பெரும்பாலும் மெக்சிக்கப் பெண்கள், கூலிக்குறைப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து நின்றனர். ஒன்று மற்றொன்றை விளைவித்தது என நாம் வாதிடவில்லை. ஆனால் வல்டேஸின் தாய்மாரை நாம் தனித்தனி வீடுகளிலேயே சந்திக்கின்றோம். பாஹரோவிலோ பெற்றோர் கூட்டமாக அமர்ந்து பேசுகின்றனர்.