‘வந்தாள்’ என்று சொல்வது யார்?

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) எந்தக் கோட்பாட்டுக்கும் வளைந்து கொடுக்கும் நாவல் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயரில்தான் எனக்குச் சந்தேகம். வளைந்து கொடுப்பதும் வாய் திறப்பதும் ஒன்றல்ல.

முந்திக்கொண்டு வருவது உளப்பகுப்பாய்வு. காவிரிக்கரைப் பாடசாலையில் 16 ஆண்டு வேதம் படித்துவிட்டுச் சென்னைக்கு வருகிறான் அப்பு. தாய் அலங்காரத்துக்கும் சிவசு என்ற பிற ஆணுக்கும் உள்ள உறவு அவனுக்குத் தெரியவருகிறது. கடைசியில் பாடசாலையில் இருக்கும் இளம் விதவை இந்துவிடமே திரும்பிவிடுகிறான். ஈடிபஸ் சிக்கல் என்று எழுதி முடித்துவிடலாம்; விடையைப் பார்த்துவிட்டுப் போட்ட கணக்கு மாதிரி. இந்த வாசிப்பில் அலங்காரம் மகனுடைய நோய்க்குக் காரணமாக மட்டுமே மிஞ்சுகிறாள். 1972-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பும் அவளை ‘அப்புவின் தாய்’ ஆக்கி, பாவங்களையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

நாவலைச் சமூக மாற்றத்தோடு சேர்த்துப் படிக்க மார்க்சிய விமர்சகர் கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலில் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் போனால், வேதம் ஓதும் பிள்ளைகளுக்கு யார் வீட்டுச் சோறு, பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் சொத்து எதைத் தாங்கி நிற்கிறது என்ற கேள்விகள் எழுகின்றன. நல்ல கேள்விகள். ஆனால் மகன் வேதவித்தானால் தன் பாவம் கரையும் என்று அலங்காரம் நம்புகிறாளே, அந்தத் தவிப்பின் முன்னால் ‘கருத்தியல்’ என்ற சொல் சீட்டு ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது.

எடுத்துரைப்பியல்தான் எனக்கு உதவியது. பேசுவது யார், பார்ப்பது யார் என்று ஜெரார் ஜெனெத் 1972-இல் பிரித்துக் காட்டினார். இங்கே பெரும்பாலும் பார்ப்பவன் அப்பு. அலங்காரத்தின் கணவன் தண்டபாணியின் மனவோட்டத்துக்குக்கூட இடம் உண்டு. அலங்காரத்தின் கம்பீரம், அழகு, மௌனம் எல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. அவள் உள்ளே என்ன நடக்கிறது என்பது அரிதாகத்தான் கிடைக்கிறது.

பெண்ணியம் இதைக் குற்றச்சாட்டாக வைக்கும். அப்புவின் பார்வையே நாவலில் விசாரணைக்குள்ளாகிறது, தாயை எடைபோடும் தகுதியை இந்துவிடம் போன கணத்திலேயே அவன் இழக்கிறான் என்று பதில் சொல்லலாம். பாதிதான் செல்லும். தெரிந்தும் பேசாத கணவனுக்குத் தந்த அகவெளியை மனைவிக்கு ஏன் தரவில்லை? வடிவத்தின் தேவை என்று இதை என்னால் ஏற்க முடியவில்லை. மகத்தான நாவல்தான், ஆனால் அதன் நடுவில் ஆசிரியர் திறக்கத் தயங்கிய கதவு ஒன்று இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று எடுத்துரைப்பியல் காட்டுகிறது. அதற்கு யார் விலை கொடுத்தார் என்று பெண்ணியம் கேட்கிறது. ஒன்றை விட்டால் மற்றது முடம்.

இதற்கு ஜெனெத் வரை போயிருக்கவும் வேண்டாம். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்துவைத்திருக்கிறது. ‘வந்தாள்’ என்பது அப்பு நிற்கும் இடத்திலிருந்து சொன்ன சொல். மகனைப் பார்த்துவிட்டு அவள் காசிக்குப் போனாள். அந்தப் போதல் தலைப்பில் இல்லை.