ஜிம்னியும் ஜெர்ரி கேனும்: பாதி டேங்க் விதி

மாருதி சுஸுகி ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. லேடர் ஃபிரேம், லோ ரேஞ்ச் கியர், 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் எல்லாம் தெரிந்த சங்கதிதான். வாரக்கணக்கில் ஓட்டிய பிறகும் உறுத்திக்கொண்டே இருப்பது அதன் 40 லிட்டர் டேங்க். மூன்று கதவு ஜிம்னியை ஐந்து கதவாக்க சுஸுகி வீல்பேஸை 2,250 மி.மீ.யிலிருந்து 2,590 மி.மீ.க்கு நீட்டியது. சேஸிஸ் 340 மி.மீ. வளர்ந்தது, டேங்கில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் மஹிந்திரா தாரில் 57 லிட்டர் பிடிக்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் 63.5 லிட்டர், அதுவும் டீசல். எங்கும் ஏறும் வண்டி என்று பெயரெடுத்த ஒன்று, எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வியில் இப்படிக் கஞ்சத்தனம் காட்டுவதை மன்னிப்பது கடினம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆக்ஸஸரி கடைகள் 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேனையும் அதை மாட்ட ஒரு ஸ்டாண்டையும் நீட்டுகின்றன. இந்த விமர்சனம் அந்தக் கேனைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேன் நல்ல பொருள்தான், ஆனால் அதைப் பெரும்பாலோர் பயன்படுத்தும் முறை தவறு. ஆபத்துக்கு உதவும் என்று பயணம் முடியும்வரை நிரம்பிய கேனைத் தூக்கித் திரிகிறார்கள். டேங்கில் இடம் கிடைத்த உடனே ஊற்றிக் காலி செய்வதுதான் சரி.

முதலில், கேன் தேவையா என்று பார்த்துவிடலாம். மணாலியிலிருந்து லே போகிறவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பலகை டாண்டியில் இருக்கிறது: அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில். ஜிம்னியின் சான்றிதழ் மைலேஜ் மேனுவல் கியருக்கு லிட்டருக்கு 16.94 கி.மீ. நான்கு பேர், மூட்டை முடிச்சு, ஏற்றம், நடுநடுவே லோ ரேஞ்ச் எல்லாம் சேர்ந்தால் 11 என்று வைத்துக் கணக்குப் போடுவதே விவேகம். ஃபுல் டேங்கில் 440 கி.மீ. வரும். டாண்டியில் நிரப்பிக்கொண்டு நேராக லே போகிறவருக்குக் கேன் தேவையே இல்லை. லேவுக்கு 35 கி.மீ. முன்பே காரூவில் ஒரு பங்கும் உண்டு. அப்படிப் போகிறவர் தலைமேல் கட்டிக்கொண்டு போகும் கேன் வெறும் அலங்காரம், அதுவும் தீப்பிடிக்கும் அலங்காரம். டெப்ரிங்கில் பிரிந்து, த்ஸோ கர் வழியாக த்ஸோ மோரிரிக்குப் போய், மாஹே, உப்ஷி வழியாக லே வருகிறவரின் கணக்கு வேறு. டாண்டியிலிருந்து அவருக்குத் தூரம் 550 கி.மீ.யைத் தொட்டுவிடும். 50 லிட்டர் வேண்டும். பாதை மூடியிருந்து சுற்றிப் போக நேர்ந்தால் இன்னும் பத்து. ஜிம்னியின் டேங்கோடு சரியாக ஒரு கேன். இரண்டாவது கேன் வாங்க நினைப்பவர் முதலில் வரைபடத்தை மறுபடி பார்க்கட்டும்.

கேனின் வடிவத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. 1937-இல் ஜெர்மனியின் ஷ்வெல்ம் நகரத்து முல்லர் நிறுவனத்தில் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் ராணுவத்துக்காக வடிவமைத்தது. மேலே மூன்று கைப்பிடிகள்: நிரம்பிய கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியாகப் பிடிக்கலாம், காலிக் கேன்கள் என்றால் ஒரே கையில் இரண்டை எடுக்கலாம். தகடுகள் சேரும் விளிம்பு உள்வாங்கியிருப்பதால் இடிபட்டாலும் வெல்டிங் விடாது. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் காற்றிடம் வெயிலில் பெட்ரோல் விரிய இடம் தருகிறது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை மெல்லிய தகர டின்களில் பெட்ரோலை அனுப்பிப் பெருமளவை மணலுக்குக் கொடுத்தது. எதிரியிடம் பிடித்த கேன்களைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டது. அமெரிக்கர்கள் இதை நகலெடுத்தபோது, நெம்புகோல் மூடியை எடுத்துவிட்டுத் திருகு மூடி போட்டார்கள். விளைவு, திறக்க ஒரு ஸ்பேனர், ஊற்ற ஒரு புனல். பெட்ரோல் கேனின் தரம் கடைசியில் அதன் வாயில்தான் தெரியும் என்பது அப்போதே நிரூபணமான உண்மை. இன்று நம் கடைகளில் விற்கும் நகல்களும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

வாய்க்கு வருமுன் இடத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வாதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. நிரம்பிய இரும்புக் கேன் ஏறத்தாழ 19 கிலோ: பெட்ரோல் 15, கேன் 4. ஜிம்னியில் இதை எங்கே வைத்தாலும் தப்பு. டிக்கிக்குள் வைத்தால், கேன் மூடியின் வாஷரில் ஒரு மயிரிழைக் கசிவு போதும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே தடுப்பும் கிடையாது. கூரையில் வைத்தால் ஆவித் தொல்லை போகும், சாயும் தொல்லை வரும். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ. அகலத்தைவிட உயரம் கூடிய வண்டியின் உச்சந்தலையில், பக்கச் சரிவில் போகும்போது, 19 கிலோ சின்ன எடை அல்ல. ஆஸ்திரேலியாவில் விற்கும் ஜிம்னிக்கு சுஸுகி சொல்லும் கூரைச் சுமையே கேரியரோடு சேர்த்து 30 கிலோதான். பின்கதவில், ஸ்டெப்னி பக்கத்தில் மாட்டலாம் என்பார்கள். அந்தக் கதவு பக்கவாட்டில் திறப்பது. ஸ்டெப்னியின் எடையே கீலுக்குப் போதும். பின்னால் ஒரு லாரி லேசாக முட்டினாலும் முதலில் நசுங்குவது கேன்தான். ஆக, சரியான இடம் என்று ஒன்று இந்த வண்டியில் இல்லை. குறைந்த கெடுதல் எது என்று கேட்டால், கூரை கேரியரின் நடுவில், படுக்கவிடாமல் நிமிர்த்தி, இரண்டு பட்டைகளால் இறுக்கிக் கட்டுவது என்பேன். ஆனால் அதுவும் குறுகிய நேரத்துக்குத்தான் பொருந்தும்.

வண்டியில் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த இடம் ஒன்றுதான், அது டேங்க். தாழ்வாக, ஆவி போக வழியோடு, மோதல் சோதனைகளைத் தாண்டி வந்த இடம். கேனில் இருக்கும் ஒவ்வொரு லிட்டரும் அந்த இடத்துக்குப் போகக் காத்திருக்கிறது. காத்திருப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 40 லிட்டர் டேங்கும் 20 லிட்டர் கேனும் இருக்கும் வண்டிக்கு விதி எளிது: முள் பாதிக்கு இறங்கியதும் கேன் முழுவதையும் ஊற்றிவிட வேண்டும். டாண்டியில் இரண்டையும் நிரப்பினால், 11 கி.மீ. கணக்கில் முதல் 220 கி.மீ.யில் பாதி டேங்க் தீரும். பாராலாச்சா லா, லாச்சுங் லா இரண்டும் பின்னால் போய், பாங் தாண்டி மோரே சமவெளியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. சமதரை, அகலமான ஓரம், பகல் வெளிச்சம். ஊற்ற அதைவிட நல்ல இடம் அந்தப் பாதையில் கிடைக்காது. பொலோகொங்கா லா ஏற்றத்துக்குப் போகும்போது கூரையில் இருப்பது நான்கு கிலோ இரும்பு மட்டும்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு: கேன் என்பது கடைசிக் காப்பீடு, அதை முன்பே செலவழித்தால் காப்பீடு எங்கே? பெட்ரோல் எங்கும் செலவாகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. மொத்தம் 60 லிட்டர் என்றால் கடைசி லிட்டர் தீரும் புள்ளி இரண்டு முறையிலும் ஒன்றே. வித்தியாசம், ஊற்றும் இடத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில். காத்திருந்தால், முள் கீழே படுத்த இடம்தான் ஊற்றும் இடம்: அது இருட்டாக இருக்கலாம், கொண்டை ஊசி வளைவாக இருக்கலாம், கையுறையைக் கழற்ற முடியாத குளிராக இருக்கலாம். இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: டேங்கில் கல் குத்தினாலோ, கலப்பட பெட்ரோல் போட்டுவிட்டாலோ, தனியே இருக்கும் கேன் கைகொடுக்காதா? ஓட்டை விழுந்த டேங்கில் கேனை ஊற்றினால் அதுவும் தரைக்குத்தான் போகும். கலப்படம் என்றால், கேனையும் அதே பங்கில்தானே நிரப்பினோம்? ஒரே ஒரு நிலையில் இந்த மறுப்பு நிற்கும். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வேறொருவருக்குக் கொடுக்கக் கேன் வேண்டும். இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து போகும் பயணத்தில் ஒரு வண்டி மட்டும் கேனை நிரம்பியபடி வைத்திருப்பது நியாயம். தனி வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது.

காலிக் கேன் நிரம்பிய கேனைவிட ஆபத்து என்றும் ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நிரம்பிய கேனுக்குள் ஆவி மிக அடர்த்தி, காற்றுக்கு இடமில்லை; காலியானதில் காற்றும் ஆவியும் தீப்பற்றும் அளவில் கலக்கக்கூடும். எனவே காலியானதும் மூடியை அடைத்து, வெளியிலேயே கட்டி வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது. ஆனால் தீ என்று வந்துவிட்டால் ஒரு கேன் ஆவியும் 20 லிட்டர் திரவமும் ஒன்றல்ல. உயரத்தையும் மறக்க வேண்டாம். டாண்டியில் மூடிய கேன் மோரே சமவெளியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் மேலே இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வெயிலும் சேர்ந்தால் கேன் பக்கங்கள் புடைத்து நிற்பது கண்ணுக்கே தெரியும். நெம்புகோல் மூடி இறுக்கமாக அடைப்பதில் நிகரற்றது, ஆனால் சட்டென்று விடுபட்டால் பெட்ரோல் முகத்தில் தெறிக்கும். துணியைப் போர்த்தி, கொஞ்சம் தளர்த்தி, சீறல் அடங்கியபின் திறக்க வேண்டும். பங்கில் நிரப்பும்போதே வாய்வரை போகாமல் 20 லிட்டரில் நிறுத்தினால் இந்தத் தொல்லை பாதி குறையும். அந்தக் காற்றிடம் இலவச இணைப்பாகக் கிடைத்த கொள்ளளவு அல்ல.

இப்போது வாய். சீக்கிரம் ஊற்றிவிடு என்பதுதான் விதி என்றால், கேனோடு வரும் ஊற்று மூக்கு கேனைவிட முக்கியமாகிவிடுகிறது. அதைத்தான் விற்பவர்கள் தொல்லையாக நினைத்துத் தயாரிக்கிறார்கள். அசல் வடிவத்தில் கேனின் கழுத்துக்குள்ளேயே ஒரு காற்றுக் குழாய் உண்டு. பெட்ரோல் வெளியே வரும்போது காற்று அதன் வழியே உள்ளே போகும், ஓட்டம் சீராக இருக்கும். மலிவு நகல்களில் அந்தக் குழாய் பெயருக்கு இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. விளைவு, ‘குளுக் குளுக்’ என்று விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு குளுக்குக்கும் ஒரு கை பெட்ரோல் பெயிண்ட் மேல் வழிகிறது. மூக்கு மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வாஷர் பெட்ரோலில் ஊறி உப்பி, இரண்டாம் முறை உட்காராது. மூக்கின் தடிமன் இன்னொரு தலைவலி. பெட்ரோல் கார்களின் டேங்க் வாய்க்குள் குறுகலான நாசிலுக்கு மட்டும் வழிவிடும் மடல் இருக்கும். பழைய ராணுவ வண்டிகளுக்கு ஏற்ற தடித்த மூக்கு அதன் வாசலிலேயே நின்றுவிடும். 19 கிலோவைத் தோள் உயரத்தில் சாய்த்துப் பிடித்தபடி இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. வாங்கும்போதே கேனில் தண்ணீரை நிரப்பி, கடை வாசலில் ஊற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிய கேனை நன்றாக உலர்த்திய பிறகே பெட்ரோல் போட வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

துருப்பிடிக்காத, தட்டையான, அழகான பிளாஸ்டிக் கேன்களை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்கலாம். வெளிநாடுகளில் தரச்சான்று பெற்றவை நன்றாகவே உழைக்கின்றன. இங்கே சட்டம் வேறு. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள விடுகிறது. வண்டிக்காக என்றால் உரிமையாளருக்கு இன்னும் தாராளம். ஆனால் எதில் வைக்கலாம் என்பதில் கறார்: கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர், உலோகம் என்றால் 25 லிட்டர். பட்டியலில் பிளாஸ்டிக் இல்லை. டீசல் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது என்பதால், அதே சட்டம் அதற்கு 2,500 லிட்டர் வரை விட்டுக்கொடுக்கிறது. கூர்க்காக்காரர் கேன் விஷயத்தில் நிம்மதியாகத் தூங்குவதற்கும் ஜிம்னிக்காரர் புரண்டு படுப்பதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான். இரும்புக் கேனிலும் ஒரு ஒழுங்கு உண்டு: நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க வேண்டும். நிலைமின்சாரத்தின் ஒரு பொறி போதும்.

தூரம் என்றால் என்ன என்று ஆஸ்திரேலியர்களைக் கேட்கலாம். கேனிங் ஸ்டாக் ரூட் ஏறத்தாழ 1,850 கி.மீ.; பெட்ரோலோ டீசலோ கிடைப்பது ஏறக்குறைய நடுவில் இருக்கும் குனவரிட்ஜியில். அந்த நாட்டில் விற்கும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70-இல் 130 லிட்டர் டேங்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்துகிறார்கள். கேன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டேங்குக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொண்ட நிறுவனம் செய்யும் வேலை அது. சுஸுகிக்கு ஜிம்னியின் நீட்டிய சேஸிஸில் இன்னும் பத்துப் பதினைந்து லிட்டருக்கு இடம் தேடியிருக்க முடியும் என்றே தோன்றுகிறது. அது வரும்வரை, த்ஸோ மோரிரி மாதிரி ஒரு சுற்றை உண்மையிலேயே திட்டமிடுபவர் ஒரே ஒரு இரும்புக் கேன் வாங்கட்டும். பணத்தை ஸ்டாண்டில் கொட்டாமல் நல்ல மூக்கில் போடட்டும். பாதி டேங்கில் ஊற்றட்டும். நேராக லே போய்த் திரும்புகிறவருக்கு இந்தக் கேன் வேண்டாம்.