16 கண் மதகும் டேங்கர் லாரியும்

நீரோ காற்றோ ஓடும் விதத்தைக் கணினியில் கணக்கிட, அது ஓடும் இடத்தை முதலில் சிறுசிறு அறைகளாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்புக்குத்தான் மெஷ் என்று பெயர். வரிசை தப்பாமல் பிரிப்பது ஒரு மரபு. உருவம் போன போக்கில் நான்முகிகளால் நிரப்புவது இன்னொரு மரபு.

வரிசை மரபைக் கற்க, 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையே போதும். உபரிநீர் இறங்கும் 16 கண் மதகில் எல்லாக் கண்ணும் ஒரே அளவு. ஒரு கண்ணுக்குப் போட்ட மெஷ்ஷை மற்றவற்றுக்கும் நகலெடுக்கலாம். (தண்ணீர் மட்டும் ஒரே மாதிரி வராது; கரையோரக் கண்களில் வளைந்து நுழையும்.) ஒவ்வோர் அறைக்கும் மூன்று எண்களே முகவரி. ஒன்றைக் கூட்டினால் பக்கத்து அறை வந்துவிடும், நினைவகம் மிச்சம். வளைந்த உருவங்களுக்கும் இந்த ஒழுங்கைப் படிய வைக்கும் வழியைத் தாம்சன், தேம்ஸ், மாஸ்டின் மூவரும் 1974இல் காட்டினார்கள்.

நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியிடம் இந்த ஒழுங்கு செல்லாது. கேபின், மிரர், ஏணி, டயர், அடியில் தொங்கும் டீசல் டேங்க் எல்லாவற்றையும் வரிசைக்குள் அடக்க முயன்றால் வாரக்கணக்கில் ஆகும். இங்கேதான் நான்முகி மரபு கைகொடுக்கும். முழு விமானத்துக்கே நான்முகி மெஷ் போட முடியும் என்று ஜேம்சன், பேக்கர், வெதரில் 1986இல் போயிங் 747ஐ வைத்துக் காட்டினார்கள். அதற்கு அடிப்படையான டெலோனே முக்கோணப் பிரிப்பு வெளிவந்ததும் மேட்டூர் அணை முடிந்த அதே 1934இல்தான். ஆனால் நான்முகி மெஷ் அறைக்கு அறை அண்டைப் பட்டியலைச் சுமக்க வேண்டும். ஓட்டம் முகங்களைச் சாய்வாகக் கடப்பதால் கூர்மையான மாற்றங்கள் மழுங்கவும் செய்யும்.

என்னைக் கேட்டால், கேஸ் டேங்கர் லாரிக்கு இரண்டும் வேண்டும். உள்ளே தளும்பும் திரவத்துக்கு வரிசை மெஷ்: உருளையின் நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி வளையங்கள். அச்சதுரம் இல்லாவிட்டால் மையத்தில் அறைகள் ஊசிபோல் குறுகிவிடும். வெளியே காற்றுக்கு நான்முகிகள். உடலை ஒட்டி மட்டும் மெல்லிய பட்டக அடுக்குகள்.

தர அளவுகோல்கள் பல: அறை எவ்வளவு கோணியிருக்கிறது, சுவரை ஒட்டிய முதல் அறை எவ்வளவு மெல்லியது என்றெல்லாம் பார்ப்பார்கள். எனக்கு முக்கியமானது 1994இல் ரோச் வகுத்த முறை. ஒரே கணக்கை மூன்று மெஷ்களில், ஒன்றைவிட ஒன்று நுணுக்கமாக, போட்டு விடை எவ்வளவு நகர்கிறது என்று சொல்ல வேண்டும். புராஜெக்ட் அறிக்கைகளில் வண்ணப் படங்களுக்குக் குறைவில்லை. இந்த மூன்று வரி அட்டவணையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.